புல்தரையைக் காய்கறித் தோட்டமாக்கும் சேவை: மண் வேலைக்கு நாலரை நட்சத்திரம், மற்றதற்கு யோசிக்க வேண்டும்

வீட்டு முன்புறப் புல்தரையை எடுத்துவிட்டுக் காய்கறித் தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று சொல்லும் சேவைகள் கோவையில் இப்போது பெருகிவிட்டன. அப்படி ஒரு சிறு நிறுவனத்திடம் எங்கள் வடவள்ளி வீட்டின் முன்புறத்தை ஒப்படைத்தேன். மாசியில் வேலை தொடங்கியது. இப்போது தை, அவரை காய்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கோடை, ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் தோட்டம் பார்த்துவிட்டதால் இனி மதிப்பெண் போடலாம்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. அவை அந்த ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. வேலையைக் கொடுக்குமுன் வேறு சிலரிடமும் விலைப்புள்ளி வாங்கினேன். எல்லாக் காகிதத்திலும் ஏறக்குறைய ஒரே பேக்கேஜ், ஒரே புரோக்கோலி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணைத் தோண்டுவது, பாத்தி கட்டுவது, சொட்டுநீர்க் குழாய் போடுவது இவற்றுக்கு இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். எதை நடுவது, எந்தப் பட்டத்தில் நடுவது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்பதை இவர்களிடம் விட வேண்டாம். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. மண் வேலைக்கு மட்டும் என்றால் நாலரை.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. வாசல் கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே 22 அடிக்கு 15 அடி இடம். முழுவதும் கொரியன் புல். வாரம் தவறாமல் தண்ணீர் குடிக்கும், மாதம் தவறாமல் கத்தரிப்புக் கூலி கேட்கும், திரும்ப ஒன்றும் தராது. மாமியார் அதைக் கடந்து போகும்போதெல்லாம், "இதில் ஒரு கட்டுக் கீரை வருமா அம்மிணி?" என்று கேட்பார். வராது என்று அவருக்கும் தெரியும்.

அளக்க வந்த இளைஞர் மரியாதையானவர். கைப்பேசியில் திசை பார்த்தார், வெயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டார். இதை மற்றவர்கள் கேட்கவில்லை என்பதற்காகவே வேலை இவர்களுக்குப் போனது. காலை வெயிலை வீடே மறைத்துவிடும், பதினோரு மணிக்கு மேல்தான் முன்புறத்தில் வெயில் விழும், அதன்பின் மாலை வரை காய்ந்து தள்ளும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். காய்கறிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும், அது இருக்கிறது என்றார். சரி.

விலைதான் இடித்தது. சதுர அடிக்கு 140 ரூபாய் வீதம் 330 சதுர அடிக்கு 46,200 ரூபாய். அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்து பணி ஓய்வு பெற்ற எனக்குக் கூட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. கேட்டிலிருந்து திண்ணைக்கு வரும் நான்கு அடி நடைபாதையையும் தோட்டக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அங்கே என்ன நடப் போகிறீர்கள் தம்பி என்று கேட்டேன். சிரித்தார். நடைபாதையைக் கழித்து 37,800 ரூபாய்க்கு வந்தது. நீங்களும் அளவைக் கையோடு சரிபாருங்கள். வாசற்படி, கார் நிறுத்துமிடம், துளசி மாடம் எல்லாம் சதுர அடியாக மாறி ரசீதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

வரைபடம் வண்ணத்தில் அழகாக வந்தது. அதில் ஒரு பாத்தி எங்கள் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் இருந்தது. இன்னொன்று மதில் சுவரை ஒட்டி நான்கு அடி அகலத்தில். இரண்டையும் காகிதத்திலேயே அடித்துத் திருத்தினேன். தொட்டி மூடியைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாத்தி அகலத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் வீட்டில் தோட்டம் காடாகிறது. குனிந்து கையை நீட்டினால் இரண்டு அடிதான் வசதியாக எட்டும். இரண்டு பக்கமும் நிற்க இடமிருந்தால் நான்கடிப் பாத்தி சரி. சுவரை ஒட்டிய பாத்தி என்றால் இரண்டடிக்கு மேல் போகவே கூடாது. அதற்கு அப்பால் இருக்கும் செடியைப் பறிக்க வேண்டுமானால் மற்ற செடியை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதோடு ஈரமண் மதில்மேல் சாய்ந்தே கிடந்தால் சுவர் ஓதம் வாங்கிச் சுண்ணாம்பு உரியும். சுவருக்கும் பாத்திக்கும் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னேன். விட்டார்கள்.

இனி நல்ல பகுதிக்கு வருகிறேன். தோண்ட வந்த ஆட்கள் இருவர், கணவன் மனைவி, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். கம்பளம் சுருட்டுவதைப் போல் அந்த அம்மா புல்லை மண்வெட்டியால் சீவிச் சீவிச் சுருட்டி எடுத்தார். புல்லுக்குக் கீழே இரண்டு அங்குலம் செம்மண். அதற்குக் கீழே கடப்பாரை விழுந்ததும் ணங் என்று சத்தம். வீடு கட்டியபோது மிச்சமானதெல்லாம் அங்கேதான் புதைந்திருந்தது: உடைந்த செங்கல், கட்டிதட்டிப்போன சிமென்ட், டைல்ஸ் துண்டு, பெயின்ட் டப்பாவின் கம்பிப் பிடி, மேஸ்திரி வைத்துவிட்டுப்போன ஒரு கொல்லுறு (பூச்சுக் கரண்டி). பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளி மதிலோரம் குவித்தார்கள். இந்தச் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாமல் இளம் இலை வெளுக்கும். மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடிவிட்டால் முதல் மாதம் யாருக்கும் தெரியாது. வேர் கீழே இறங்கும்போதுதான் தெரியும். இவர்கள் மூடவில்லை, ஓரடி ஆழத்துக்குக் கிளறி எடுத்து லாரியில் ஏற்றினார்கள். இதற்குத் தனியாகக் காசு கேட்கவும் இல்லை. என் நாலரை நட்சத்திரத்தில் பெரும்பகுதி அந்தக் கணவன் மனைவிக்கு உரியது.

தோண்டியதில் ஒரு லாபமும் உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்கள் வெட்டிய குழி, புல் போட்டவர்களால் மூடப்பட்டு, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. கடப்பாரை அதன் மூடியில் இடித்தது. உள்ளே கூழாங்கல் வரை சேறு. வழித்து எடுத்துவிட்டு, பாத்திகளின் மிகுநீர் அதற்குள் போகும்படி வாட்டம் வைத்தார்கள். ஐப்பசி அடைமழையில் பக்கத்து மனைகளில் தண்ணீர் நின்றபோது எங்கள் கத்தரிக்கு வேர் அழுகவில்லை.

பாத்திக்கு ஹாலோ பிளாக். கலவை பூசாமல் வெறுமனே அடுக்கி, ஓட்டைக்குள் மண்ணை அடைத்து நிறுத்தினார்கள். பார்ப்பதற்குப் பெரிய அழகில்லை. ஆனால் பாத்தியை நகர்த்த வேண்டுமென்றால் ஒரு மணி நேர வேலை, இடிக்க வேண்டியதில்லை. மரப்பலகைப் பாத்தி வேண்டுமா என்றும் கேட்டார்கள். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஊர்க் கரையான் படம் பார்ப்பதில்லை.

மண் கலவையில்தான் முதல் தகராறு. பேக்கேஜில் எழுதியிருந்தது: மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம். குட்டி யானை வண்டியில் வந்து இறங்கிய செம்மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால், கறுப்பு மணி மணியாகக் கோரைக்கிழங்கு. கோரை ஒருமுறை பாத்தியில் புகுந்தால் ஆயுளுக்கும் போகாது. மேலே பிடுங்கப் பிடுங்கக் கீழே கிழங்கு கிழங்காகப் பெருகும். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். டிரைவருக்குக் கோபம், முதலாளிக்கு வருத்தம். மறுநாள் வேறு மண் வந்தது. அதில் கோரை இல்லை.

நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த கட்டிகள். தொட்டியில் ஊறவைத்ததும் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறியது. ஊறியதை அப்படியே அள்ளிக் கலக்கப் போனார்கள். நிறுத்தச் சொல்லி, தண்ணீரை வடித்துவிட்டு நிறம் தெளியும்வரை அலசச் சொன்னேன். நார்க்கழிவில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். இன்னொன்று, மக்காத நார்க்கழிவு தானே மக்குவதற்காக மண்ணிலிருக்கும் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகி நிற்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது பைகளில் வளர்ப்பவர்களுக்குச் சரி, மாடியில் எடை குறைய வேண்டும். தரையில் போடும் பாத்திக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் மக்கிய தொழு உரம் போடச் சொன்னேன். விலை ஒன்றும் ஏறவில்லை. கேட்டால் செய்கிறார்கள்; கேட்காவிட்டால் மாடித் தோட்டத்துக்கு வைத்திருக்கும் அதே கலவையைத் தரையிலும் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

சொட்டுநீர் நேர்த்தி. 16 மில்லிமீட்டர் குழாய், மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான்கள், பேட்டரியில் ஓடும் நேரக் கருவி. மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் குறைவு என்பதால் ஒரே நேரத்தில் எல்லாப் பாத்திக்கும் விடாமல் இரண்டாகப் பிரித்து வால்வு வைத்தார்கள். அது புத்திசாலித்தனம். எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வடிகட்டி இல்லாமல் போட்ட குழாயில் வைகாசிக்குள் பாதிச் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டன. கூப்பிட்டதும் வந்தார்கள், திரை வடிகட்டி பொருத்தினார்கள், அதற்குப் பணம் கேட்டார்கள். சொட்டுநீர் என்றால் வடிகட்டியும் சேர்த்துத்தானே என்று நான் கேட்க, பேக்கேஜில் இல்லையே என்று நிறுவனத்துக்காரர் சொல்ல, கடைசியில் பாதிப் பாதி. உங்கள் விலைப்புள்ளியில் வடிகட்டி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது செடிக்கு வருகிறேன்.

பங்குனி வெயிலில் அவர்கள் கொண்டுவந்து இறக்கிய நாற்றுகள்: புரோக்கோலி, லெட்யூஸ், செர்ரித் தக்காளி, சுக்கினி, ஊதாக் கோசு. குழித்தட்டில் நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. வேரைப் பார்த்தேன், வெள்ளையாக, நெருக்கமாக இருந்தது. நாற்றில் பழுதில்லை. ஊரும் மாதமும்தான் பழுது. புரோக்கோலி ஊட்டியில் குளிரில் விளைகிற பண்டம். அதை மேற்கு வெயில் நேரே அறையும் வடவள்ளி முற்றத்தில், பங்குனியில் நட்டால் என்ன ஆகும் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாரும் சொல்லிவிடுவார்கள். லெட்யூஸ் ஒரே வாரத்தில் தண்டு நீட்டிப் பூவெடுத்துக் கசந்தது. புரோக்கோலி இலையாகவே நின்றது. சுக்கினி இரண்டு காய் கொடுத்துவிட்டு விடைபெற்றது. செர்ரித் தக்காளி மட்டும் பிழைத்தது, நிழல்வலையின் புண்ணியத்தில்.

ஏன் இப்படி என்று நிறுவனத்துக்காரரைக் கேட்டேன். "வாடிக்கையாளர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் அம்மா, வீட்டு முன்னால் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?" என்றார். பின்புறத்தில் கத்தரி வைப்பவர்கள்கூட முன்புறத்துக்கு வந்தால் கோட்டுப் போட்ட காய்கறி கேட்கிறார்களாம். இருக்கலாம். வேலை ஒப்புக்கொண்ட அன்றே என் பட்டியலைக் கொடுத்திருந்தேன்; அதில் இதில் ஒன்றுகூட இல்லை. பேக்கேஜில் நாற்று அடக்கம், நாற்று எது என்பதை நாங்கள்தான் முடிவுசெய்வோம் என்பது அவர்கள் நியதி. இதற்கு ஒன்றரை நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.

ஆடிப் பட்டத்துக்கு நானே விதைத்தேன். லாலி ரோட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பேருந்து தூரத்தில் இருக்கும்போது விதைக்கு வேறெங்கே போவது? கோ என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் இந்த ஊரில் உருவானவை, பிகேஎம் என்றால் பெரியகுளம். கோ 2 கத்தரி, பிகேஎம் 1 தக்காளி, வெண்டை, கொத்தவரை, அவரை, சிறுகீரை, அரைக்கீரை, மதிலோரம் அரசாணி (பரங்கி). வெண்டை விதையை இரவு ஊறவைத்து நேரே பாத்தியில் ஊன்றினேன். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு மட்டும் குழித்தட்டு. அவர்கள் கட்டிய பாத்தி, அவர்கள் போட்ட மண், அவர்கள் குழாய்த் தண்ணீர். அதில் நம் விதை விழுந்ததும் தோட்டம் நிமிர்ந்து நின்றது. சிறுகீரை ஒரு மாதத்துக்குள் அடுப்பேறியது. மாமியார் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, "உப்புக் கொஞ்சம் கம்மி" என்றார்.

மயிலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். வடவள்ளியில் தோட்டச் சேவை நடத்துபவர்கள் ஒப்பந்தத்தில் மயில் என்ற சொல்லைச் சேர்க்காமல் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று அகவும். அடுத்தது எங்கள் மதிலில் வந்து இறங்கும். இரண்டு பெட்டைகள் பின்னாலேயே. முளைத்து இரண்டு இலை விட்ட அவரையை வரிசை பிசகாமல் கொத்திக்கொண்டே போகும். தக்காளி சிவக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, நாம் நாளைக்குப் பறிக்கலாம் என்று நினைத்த காயை இன்றைக்குத் தின்னும். விரட்டலாம், அடிக்க முடியாது. தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. சட்டத்தை விடுங்கள், மருதமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு முருகன் வாகனத்தின்மேல் கல்லெறிய யாருக்குக் கை வரும்? என் கணவர் கைதட்டுவார். மயில் அவரைப் பார்க்கும். தட்டியது போதும் என்று தோன்றும்போது அவரே உள்ளே வந்துவிடுவார்.

நிறுவனத்தில் கேட்டபோது, பளபளக்கும் காகித நாடா கட்டுங்கள் என்றார்கள். கட்டினோம். ஒரு வாரம் பயந்தது, பிறகு அதன் அடியிலேயே நின்று தின்றது. கடைசியில் பலித்தது வலைதான். பிளாஸ்டிக் குழாயை வில்லாக வளைத்துப் பாத்தியின் இரு ஓரமும் ஹாலோ பிளாக் ஓட்டையில் செருகி, மேலே நைலான் வலையை இழுத்துக் கட்டினேன். அந்த ஓட்டைகள் இதற்காகவே செய்ததுபோல் பொருந்தின. செடி முழங்கால் உயரம் வளரும்வரை வலை, அதன்பின் காய்க்கும் பாத்திக்கு மட்டும். இதை முதல் நாளே அவர்கள் செய்து கொடுத்திருக்க வேண்டும். யானை வரும் அடிவாரத் தெருக்கள் அதிகம் தள்ளியில்லை என்பதால், அவர்கள் வரைபடத்தில் கேட் ஓரம் போட்டிருந்த வாழையையும் அடித்துவிட்டேன். மயிலோடு நிற்கட்டும் விருந்தாளிகள்.

பந்தல் இன்னொரு கதை. புடலைக்கும் பீர்க்கனுக்கும் என்று மெல்லிய இரும்புக் குழாயில் கொடிவலை கட்டித் தந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று எங்களுக்கு நேர் மேற்கிலிருந்து வீசும். நடுவே தடுக்க ஒன்றும் இல்லை. கொடி படர்ந்து இலை அடர்ந்ததும் பந்தல் காற்றைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிற்பகலில் மொத்தமும் திண்ணைப் பக்கம் சாய்ந்தது. கூப்பிட்டால் அன்று மாலையே ஆள் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். தடித்த குழாய் மாற்றி, காலுக்குக் கான்கிரீட் போட்டு, காற்றின் திசைக்கு இணையாகத் திருப்பி நிறுத்தினார்கள். இலவசமாக. அதற்குப்பின் அசையவில்லை.

மாதம் 1,200 ரூபாய்க்கு இரண்டு முறை ஆள் வரும் பராமரிப்பை ஆறு மாதத்துக்கு எடுத்திருந்தேன். வருபவர் நல்ல பையன். களை எடுப்பார், குழாயைப் பார்ப்பார், பிறகு முதுகில் மாட்டிய தெளிப்பானில் ஏதோ கலங்கலான திரவத்தை எல்லாச் செடிக்கும் அடிக்கத் தொடங்குவார். என்ன மருந்து என்றால் மூலிகை என்பார். என்ன மூலிகை என்றால் கம்பெனி மூலிகை. பாட்டிலில் ஒட்டுத்தாள் இல்லை. வீட்டில் பேரன் பச்சைத் தக்காளியைக் கழுவாமல் கடிக்கிறவன். பெயர் தெரியாத எதையும் என் கீரைமேல் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதன்பின் அவர் பை திறக்கவே இல்லை.

உண்மையில் தெளிக்க வேண்டிய நாட்கள் குறைவுதான். கத்தரியில் ஒரு நுனிக் கிளை மட்டும் வாடித் தலை கவிழ்ந்து நின்றது. தண்ணீர் போதவில்லை என்று பையன் குழாயைத் திறக்கப் போனார். அந்த நுனியைக் கிள்ளி, தண்டைப் பிளேடால் நெடுக்கப் பிளந்து காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு, அதைச் சுற்றி ஈரமான எச்சம். தண்டு துளைப்பான். வாடிய நுனியை அதற்குக் கீழே ஒரு விரற்கடை சேர்த்து வெட்டி, வெட்டியதை நசுக்கிப் போட்டுவிட்டால் அடுத்த தலைமுறை காய்க்குள் போகாது. வெண்டையில் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. மற்றதற்கு வேப்பங்கொட்டைச் சாறு: லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து, வடித்துக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில்.

பப்பாளி இலையின் அடியில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி வந்தபோதும் பையன் தெளிப்பானைத் தூக்கினார். இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் 2008-இல் கண்டறியப்பட்டதே எங்கள் கோவையில்தான். மருந்தடித்து மாளாமல், 2010-இல் வெளிநாட்டிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. மருந்தடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மோசமான இரண்டு இலையை வெட்டி எடுத்துவிட்டு விட்டுவிட்டேன். மரம் இப்போது நன்றாக இருக்கிறது. தோட்டப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் இந்த அளவுக்காவது அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

முன்புறம் என்பதால் வரும் தொல்லைகள் சில உண்டு. அவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. காலை நடைக்குப் போகிறவர்கள் செம்பருத்தியைச் சாமிக்கு என்று பறிப்பது பழைய வழக்கம். இப்போது கறிவேப்பிலையும் சேர்ந்துகொண்டது. கேட்டுப் பறிப்பவர்களுக்கு நானே ஒடித்துத் தருகிறேன். கேட்காமல் பறிப்பவர்கள் கிளையையே முறிக்கிறார்கள். சாலைப் புழுதி இன்னொன்று. கீரையைத் திண்ணையோரப் பாத்தியில் வைத்து, சாலையோரத்தில் அவரை, அரசாணி போன்று தோல் சீவியோ நாரெடுத்தோ கழுவியோ சமைக்கும் காய்களை வைப்பது நல்லது. அவர்கள் வரைபடத்தில் கீரை கேட்டை ஒட்டி இருந்தது, பச்சையாகத் தெரியட்டும் என்று. முருங்கையை வீட்டு முன்னால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதை நான் மீறவில்லை. சகுனம் இருக்கட்டும், கிளை பட்டென்று முறியும், பருவத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஒட்டும், வாசலில் செருப்பு கழற்றுகிற இடத்தில் அது தேவையில்லை. பின்னால் ஒரு பிகேஎம் 1 முருங்கை நிற்கிறது, போதும்.

லாபமா என்று கேட்பவர்களுக்கு: கீரை, மிளகாய், கறிவேப்பிலை வாங்குவது அறவே நின்றுவிட்டது. கத்தரி, வெண்டை, அவரை பருவத்தில் எங்களுக்குப் போகப் பக்கத்து வீட்டுக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வழக்கம்போல் சந்தையில். போட்ட 37,800 இந்தக் கணக்கில் திரும்ப வர வருடங்கள் ஆகும். காசு மட்டுமே கணக்கு என்றால், தோட்டக்கலைத் துறை மானியத்தில் 225 ரூபாய்க்குக் கொடுத்த மாடித் தோட்டத் தளையில் (கிட்) ஆறு பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் மருந்து வரை எல்லாம் இருந்தது. அப்படி ஒன்றில் தொடங்குவதுதான் புத்தி. எனக்கு இடுப்பு வளையாது, கடப்பாரை தூக்க முடியாது, மண்ணுக்கடியில் அரை லாரிக் கட்டட இடிபாடு கிடந்தது. அந்த வேலைக்குக் கொடுத்த காசில் எனக்கு வருத்தமே இல்லை.

பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. சாயிபாபா காலனியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இதே நிறுவனத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை புல் எடுப்பது, மண், பாத்தி, வடிகட்டியோடு சொட்டுநீர், காற்றைத் தாங்கும் பந்தல், இவ்வளவு மட்டும். நாற்றும் மருந்தும் கிடையாது. நடைபாதை அளவில் சேராது, கோரை உள்ள மண் திரும்பிப் போகும் என்று இரண்டு வரி எழுதி வாங்கியாயிற்று. சதுர அடிக்கு 105 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். ஆனியில் வேலை தொடங்கினால் ஆடிக்குள் மண் அமர்ந்துவிடும். தொண்டாமுத்தூர் தம்பதியையே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.